மஞ்சன் போட்ட முடிச்சு

ஏரிக்கரை ஈச்சமரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. மழைக்காலம் பாதி போய்விட்டது. சடையன் என்ற குருவிக்கு மட்டும் இன்னும் ஜோடி அமையவில்லை.

அந்தக் குருவிகளின் வழக்கம் இது. ஆண் பாதிக் கூடு கட்டும். பெண் வந்து அதில் தொங்கி இழுத்துப் பார்க்கும். கூடு தாங்கினால் கல்யாணம். தாங்காவிட்டால் பெண் பறந்துவிடும். சடையனின் கூடு மூன்று முறை பிய்ந்து விழுந்தது.

"உன் அலகில் பிடிப்பே இல்லையடா!" என்று மரமே சிரித்தது. சடையனும் அப்படித்தான் நினைத்துக்கொண்டான்.

ஒருநாள் காலையில் உண்மை தெரிந்தது. சடையன் இரைக்குப் போயிருந்தான். பக்கத்துக் கிளை மஞ்சன் அவன் கூட்டிலிருந்து நாரை உருவிக்கொண்டிருந்தான். அலகும் நாருமாகப் பிடிபட்டான்! எல்லாக் குருவிகளும் சேர்ந்து கொத்தி, அவனை அக்கரைக்கு விரட்டின.

மஞ்சன் போனான். அவன் கூடு போகவில்லை. அதில் பிறந்த குஞ்சுகளும் பறந்துவிட்டன. ஆனாலும் அந்த மரத்திலேயே அழகான கூடு அதுதான்.

"அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது!" என்றது சில நாள் கழித்து அங்கே வந்த ஒரு மைனா. "அறுத்துப் போடு சடையா! நாரைப் பறிகொடுத்தவன் நீ. முதல் நாரை நீதான் அறுக்க வேண்டும்!"

மைனாவுக்கு அந்த மரத்தில் கூடும் இல்லை, வேலையும் இல்லை. சத்தம் மட்டும் உண்டு.

சடையன் ஆத்திரத்தோடு போனான். கூடு கிளையில் தொங்கும் முடிச்சில் அலகை வைத்து இழுத்தான். அசையவில்லை. இன்னும் இழுத்தான். இன்னும் இறுகியது!

கூட்டுக்குள்ளிருந்து ஒரு தலை நீண்டது. சில்லைக் குருவி. காலிக் கூடு கண்டால் குடியேறுவது சில்லைகளின் பழக்கம்.

"அண்ணே, மெதுவாக ஆட்டுங்கள். ஐந்து முட்டை இருக்கிறது."

"இது திருடன் கட்டிய கூடு. தெரியுமா உனக்கு?"

"தெரியாமல் என்ன? ஊருக்கே கேட்கக் கத்தினீர்களே! மழை வந்தால் என் முட்டை நனையக் கூடாது. இதில் நனையாது. எனக்கு அது போதும்."

"இதில் பாதி நார் என்னுடையது!"

"அப்படியா? நல்ல நார் அண்ணே. மெத்தென்று இருக்கிறது."

சடையன் அலகை விலக்கினான். மறுபடியும் முடிச்சைப் பார்த்தான். நாரை இரண்டு சுற்றுச் சுற்றி, அடியில் நுழைத்து, அதன் மேலேயே திருப்பி ஏற்றியிருந்தான் மஞ்சன். இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு.

"படுபாவி! என்னமாய்ப் போட்டிருக்கிறான்!"

"அறுத்தாயா?" என்று கீழேயிருந்து கத்தியது மைனா.

"வாயை மூடு. பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

மதியம் வரை பார்த்தான். பிறகு தன் கிளைக்குப் போனான். புதிதாக நார் கிழித்தான். நான்கு நாள் அந்த முடிச்சைப் போட்டுப் பிரித்து, போட்டுப் பிரித்து, ஒரு கூட்டைத் தொங்கவிட்டான்.

ஒரு பெண் குருவி வந்தாள். தொங்கினாள். இழுத்தாள். குதித்தும் பார்த்தாள்.

"மூன்று தடவை கூடு விழுந்ததே, அந்த ஆள்தானே நீ?"

"ஆமாம்."

"இது விழாது போலிருக்கிறதே!"

"விழாது."

"சரி, நிற்காதே. உள்ளே பூச ஈரமண் கொண்டு வா."

கல்யாணம் முடிந்தது.

செய்தி ஏரியைத் தாண்டிப் போனது. மறுநாளே மஞ்சன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து இறங்கினான்.

"என் கூட்டை அறுக்க உங்களுக்கு மனசு வரவில்லை. என் முடிச்சைத்தான் சடையனும் போட்டிருக்கிறான். பிறகென்ன? என் கிளையை விடுங்கள்!"

குருவிகள் ஒன்றையொன்று பார்த்தன. "நல்ல வேலைக்காரன்தானே..." என்று ஒன்று இழுத்தது.

"மஞ்சன் பெரிய ஆள் என்று நான் அப்போதே சொன்னேன்!" என்றது மைனா.

சடையன் அலகிலிருந்த மண்ணைக் கீழே போட்டான்.

"முடிச்சு நல்ல முடிச்சு. உன்னுடையதைப் பார்த்துத்தான் கற்றேன். யார் கேட்டாலும் சொல்வேன். நீ திருடன். அதையும் சொல்வேன்."

"ஒரே வாயில் இரண்டும் எப்படி வரும்?"

"வந்ததே, காதில் விழவில்லையா? போ. அக்கரையில் புல் நிறைய இருக்கிறது. உன் நாரை நீயே கிழித்து ஒரு கூடு கட்டு. அப்புறம் வா, பேசலாம்."

ஒரு குருவியும் நகர்ந்து இடம் விடவில்லை. மஞ்சன் வந்த வழியே போனான்.

அன்று சாயங்காலம் மழை கொட்டியது. கூட்டுக்குள்ளிருந்து சில்லை எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, ஒரு சொட்டு இறங்கவில்லை!"

"இறங்காது. என் நார்!" என்றான் சடையன். சிறகை ஒருமுறை உதறிவிட்டு, "அவன் முடிச்சு" என்றான்.

செய்தவன் கெட்டவன் என்பதற்காக நல்ல வேலையை அழிக்காதீர்கள், வேலை நன்றாக இருக்கிறது என்பதற்காகச் செய்தவன் குற்றத்தையும் மறைக்காதீர்கள்.