வேங்கை மரத்து வழக்கு

ஆற்றங்கரைக் காட்டில் செங்கொண்டை என்னும் மரங்கொத்தி வக்கீல் தொழில் செய்துவந்தது. பட்டுப்போன இலுப்பை மரத்துப் பொந்துதான் அதற்கு வீடும் அலுவலகமும். வழக்குக் கொண்டுவருபவர் தம் உடல்முடியில் சிறிது பிடுங்கி அந்தப் பொந்தில் செருகவேண்டும். அதுவே அக்காட்டின் வக்காலத்து.

ஒரு காலை கரடி வந்து முடிக்கொத்தைச் செருகியது.

"வக்கீலம்மா, வேங்கை மரத்துத் தேனடைக்கு மரநாய் பங்கு கேட்கிறான். அடை முழுவதும் எனக்கே என்று தீர்ப்பு வாங்கித் தாருங்கள்."

"முதலில் கண்டவர் யார்?"

"இருவரும் ஒன்றாகத்தான் கண்டோம்."

"அப்படியானால் பாதி உங்களுக்கு உறுதி."

"பாதிக்கு எதற்கு வக்கீல்? அது என் பாட்டன் காலத்து மரம். அவர் கீறிய நகக்குறியே இருக்கிறது, வந்து பாருங்கள்."

இடத்தைக் கண்ணால் பாராமல் செங்கொண்டை மன்றம் ஏறுவதில்லை. பறந்துபோய்ப் பார்த்தது. கீறல்களில் செந்நிறப் பிசின் ஈரமாகக் கசிந்துகொண்டிருந்தது. வேங்கையின் பழைய காயம் கறுத்து இறுகிவிடும் என்பதை மரங்கொத்திக்கு யார் சொல்லவேண்டும்?

"கரடியாரே, இவை நீங்கள் நேற்றுக் கீறியவை."

"இருக்கட்டுமே. மன்றத்தில் யார் மரமேறிப் பார்க்கப்போகிறார்கள்? நான் சொல்வதைச் சொல்லத்தானே நீங்கள்?"

"உங்கள் பக்கத்து உண்மையைச் சொல்ல. பொய்க்கு என் அலகு வளையாது."

இலுப்பை மரம் வரையில் கரடி உறுமிக்கொண்டே பின்தொடர்ந்தது. "நாளை எனக்காகப் பேசாவிட்டால் இந்த மரம் நிற்காது. பிறகு எங்கே உட்கார்ந்து தொழில் நடத்துவீர்கள் என்று பார்க்கிறேன்."

மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. செங்கொண்டைக்கு அதைவிட்டால் வேறு பொந்து இல்லை. ஆயினும் முடிக்கொத்தை அலகால் உருவிக் கரடியின் காலடியில் போட்டது.

"மரத்தைத் தள்ளுங்கள். உங்கள் இரகசியமும் என் வாயிலிருந்து வராது. உங்கள் பொய்யும் வராது."

கரடி மரத்தைத் தள்ளியே விட்டது. அந்த முடியை எடுத்துப்போய் நரியிடம் கொடுத்தது.

"பாட்டன் எதற்கு? முப்பாட்டனே கீறினார் என்போம்" என்றது நரி.

மறுநாள் மன்றம் கூடியது. நடுவராகிய யானை நரியின் வாதத்தைப் பொறுமையாகக் கேட்டது. பிறகு எழுந்து நேரே வேங்கை மரத்தடிக்கு நடந்தது. மரமேறவேண்டிய தேவை யானைக்கு இல்லை. தும்பிக்கையை நீட்டிக் கீறலைத் தடவியது. நுனி சிவந்தது.

"உம் முப்பாட்டனார் நேற்றுத்தான் வந்துபோனாரோ?"

கரடி தன் முன்னங்கால்களைப் புல்லுக்குள் மறைத்தது. அக்கரையிலிருந்து டொக், டொக் என்னும் ஓசை வந்தது. செங்கொண்டை புதுப் பொந்து குடைந்துகொண்டிருந்தது.

பொய்க்குறி காட்டியவருக்குப் பங்கில்லை, அடை முழுவதும் மரநாய்க்கே என்று தீர்ப்பாயிற்று.

மாலையில் கரடி அக்கரை மரத்தடிக்கு வந்து தலையைச் சொறிந்தது. "வக்கீலம்மா, நரி என்னைக் கெடுத்துவிட்டான். மறுவிசாரணைக்கு நீங்கள்தான் பேசவேண்டும். அந்தப் பாதியாவது..."

செங்கொண்டை கொத்துவதை நிறுத்தவில்லை. "முதலில் மன்றத்தில் உங்கள் பொய்யை ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு முடியோடு வாருங்கள், கேட்கிறேன். இப்போது தள்ளி நில்லுங்கள். தலையில் சிராய் விழும்."

பிறருக்காக வாதாடப் புகுந்தவர் தம் கூட்டை இழக்க நேர்ந்தாலும் தம் சொல்லை இழக்கலாகாது.