இலையை மறைத்த கை

அறவாழி எம்.பி.க்குக் கொஞ்ச நாளாக ஒரு குழப்பம். மைக்கைக் கண்டால் விடாத மனிதர், கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்க்கும்போது மட்டும் பாதியில் நின்றுபோனார்.

வரப்போகும் கூட்டத்தொடரில் அவர் ஒரு மசோதா கொண்டுவர வேண்டும். பத்தாவது தேறாதவர்களுக்கு ஓட்டு கிடையாது என்பதுதான் மசோதா. பேச்சு எடுபட்டால் மந்திரி பதவி என்று தலைமை கோடி காட்டியிருந்தது. வெறும் பதவி ஆசை என்று சொல்லிவிட முடியாது. மனதார நம்பித்தான் எழுதியிருந்தார்.

பேச்சுக்கு மூன்று பாகம். கல்வி, ஜனநாயகம், நாட்டின் இறையாண்மை. தனித்தனியாகச் சொன்னால் ஒவ்வொன்றும் கணீரென்று வந்தது. சேர்த்துச் சொன்னால் எங்கேயோ இடறியது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

உதவியாளர் நல்லபெருமாளைக் கேட்டார்.

"பிரமாதம் ஐயா."

நல்லபெருமாளிடம் எதைக் கேட்டாலும் இதுதான் பதில். மூன்றாம் பாகம் வந்தால் கூடவே கையும் தட்டுவார்.

வேறு வழியில்லாமல் அறவாழி மலையடிவாரத்து மடத்துக்குக் காரை விடச் சொன்னார். அங்கே இருந்த உலகம்மை அம்மாள் அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவரைத்தான் குருவாக வரித்திருந்தார். தன்னைக் கண்டதும் எழுந்து நிற்காத ஒரே ஆள் அந்த அம்மாள்தான் என்பது ஒரு காரணம்.

அன்றைக்கும் எழுந்திருக்கவில்லை. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"பேச்சு ஒட்டமாட்டேங்குதும்மா. எங்க தப்புன்னு நீங்கதான் சொல்லணும்."

"சொல்லுங்க, கேப்போம்."

அறவாழி துண்டைச் சரிசெய்துகொண்டு தொடங்கினார். படிக்காத ஜனம் பிரியாணிப் பொட்டலத்துக்கு ஓட்டைப் போட்டுவிடுகிறது. தனக்கு நல்லது எது என்று அதற்குத் தெரியாது. முதலில் படிக்கட்டும். அது முதல் பாகம். பக்குவப்பட்டவர்கள் கையில் இருந்தால்தான் ஜனநாயகம் பிழைக்கும், யாருக்குப் பக்குவம் வந்துவிட்டது என்பதைப் படித்தவர்கள் பார்த்துச் சொல்வார்கள். அது இரண்டாம் பாகம். மூன்றாவதில் வல்லரசுகளைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"எங்களுக்கு வேண்டியது எங்களுக்குத் தெரியும்! அதைச் சொல்ல நீ யார்?"

நல்லபெருமாள் கை தட்டினார்.

அம்மாள் ஒரு முற்றல் காயை ஒடித்துப் பார்த்துத் தூரப் போட்டார். "உங்க தொகுதியில எல்லா ஊர்லயும் பத்தாவது வரைக்கும் பள்ளிக்கூடம் இருக்கா?"

"அது முந்தின ஆட்சியில…"

"சரி, சரி. சாப்பிட்டுட்டுப் பேசலாம். கை கழுவிட்டு வாங்க."

"என் கேள்விக்குப் பதில்?"

"வெறும் வயித்துல கேட்டா ஏறாது."

பந்தி போட்டார்கள். அந்த மடத்தில் இலையில் விழுந்த எதையும் மிச்சம் வைக்கக் கூடாது. அதனால் வேண்டாம் என்றால் விழுவதற்கு முன்பே இலைக்குக் குறுக்கே கையை நீட்டிவிட வேண்டும். கை குறுக்கே வந்தால் கரண்டி நின்றுவிடும். பந்தியில் உட்கார்ந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்த சட்டம் அது.

அறவாழிக்கு அம்மாளே பரிமாறினார். இரண்டாம் தடவை சோறு வந்தபோது அறவாழி கையை நீட்டினார்.

"போதும்மா."

சோறு அவர் விரல்மேல் விழுந்தது.

"நீங்க என்ன படிச்சீங்க?" என்றார் அம்மாள்.

"எம்.ஏ., வரலாறு. உங்களுக்குத் தெரியாததா?"

"நான் உணவியல். தங்க மெடல். வயித்தைப் பத்தி யாருக்கு அதிகம் தெரியும்?"

கேலி என்று நினைத்து அறவாழி சிரித்தார். அடுத்த கரண்டி விழுந்ததும் சிரிப்பு நின்றது. கோபமா, சோதனையா, ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்து இலையில் நல்லபெருமாள் நிம்மதியாக அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தார். மடத்து வழக்கத்தை மீற முடியாமல் அறவாழி விழுந்ததையெல்லாம் விழுங்கினார். இடுப்பு வேட்டியை நைசாகத் தளர்த்திக்கொண்டார்.

பாயச வாளி வந்தது.

"அம்மா, எனக்குச் சர்க்கரை இருக்கு!"

"உங்களுக்கு நல்லது எதுன்னு தெரிஞ்சுக்கிற பக்குவம் இன்னும் வரல. வந்ததும் நானே நிறுத்திடுவேன்."

"எப்ப வரும்?"

"பாத்துச் சொல்றேன்."

அறவாழி இரண்டு கையாலும் இலையை மூடினார். பாயசம் வெதுவெதுப்பாகப் புறங்கையில் விழுந்து வழிந்தது. ஒரு முந்திரி மோதிரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அடுத்த கரண்டி எழும்பியது.

"நிறுத்துங்க! இது என் இலை! என் வயிறு! எனக்கு வேண்டியது எனக்குத் தெரியும். அதைச் சொல்ல நீங்க யாரு?"

படபடவென்று கைதட்டல்.

நல்லபெருமாள். எச்சில் கையோடு தட்டியதில் பருக்கை பறந்தது. பந்தி மொத்தமும் தன்னையே பார்ப்பதைக் கண்டு மெல்ல நிறுத்தினார்.

"மூணாம் பாகம்தானேய்யா?" என்றார் தயங்கியபடி.

"இல்லய்யா, இது வந்து…" அறவாழி திரும்பினார். அம்மாளைப் பார்த்தார். "நாடு வேற, சோறு வேறம்மா."

"வேறதான்."

"பின்ன? ஜனம் ஏமாறுது. என் கண்ணால பாத்திருக்கேன்."

"நானும் பாத்திருக்கேன்."

"அப்ப என் பேச்சுல தப்பில்லையே?"

உலகம்மை அம்மாள் கரண்டியை வாளிக்குள் போட்டார். "நீங்க இப்பக் கத்தினதை, அப்படியே, கையெழுத்துப் போடத் தெரியாத ஒருத்தி உங்ககிட்ட வந்து கத்துறான்னு வைங்க. அதை உங்க பேச்சுல எந்தப் பாகத்துல சேர்ப்பீங்க?"

வாளி அடுத்த இலைக்குப் போய்விட்டது. அறவாழி இரண்டு கையையும் இலைமேலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.