முதலாளி சொன்ன பதில்

இது ஒரு பால் கம்பெனியில் நடந்தது. ஒருநாள் காலை, தொட்டி கழுவுகிற மருந்து பாலில் கலந்து, பாக்கெட்டாகி ஊருக்குள் போய்விட்டது. ஏழு மணிக்கெல்லாம் போன் ஓயாமல் அடித்தது.

முதலாளி ஞானசிகாமணி ஒரு தாளை நீட்டினார். போன் எடுக்கும் மரகதவல்லி படித்தாள்: “எங்கள் பால் தரமானது. சிறு மாறுதல் குறித்து ஆய்வு நடக்கிறது.”

“பாலைக் குடிக்கலாமான்னு கேட்டா என்ன சார் சொல்றது?”

“பொய்யும் சொல்லக்கூடாது, விஷயமும் வெளியே போகக்கூடாது. அப்படிப் பேசத் தெரியலைன்னா வேலையை விட்டுப் போ.”

“எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் இல்லை சார். ஒருத்தர்கிட்ட நீங்க பேசிக் காட்டுங்க, கத்துக்கறேன்” என்றவள் ஒரு நம்பரைப் போட்டு அவரிடம் கொடுத்தாள்.

மறுமுனையில் அவருடைய மகள். “அப்பா, நம்ம பால் ஒரு மாதிரி வாடை அடிக்குது. பாப்பாவுக்குக் குடுக்கலாமா?”

“குடுக்காதே! மருந்து கலந்திருக்கு, கீழே கொட்டு!”

அவர் போட்ட சத்தத்தில் ஆபீசே திரும்பிப் பார்த்தது. மரகதவல்லி தாளைத் திருப்பி, அவர் சொன்னதை அப்படியே எழுதினாள்.

“எல்லா வீட்டுக்கும் இதையே சொல்லட்டுமா சார்?”

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. போன் மறுபடி அடித்தது. அவளை எடுக்க விடாமல் தானே எடுத்தார்.

“நான் முதலாளி பேசறேம்மா. அந்தப் பாலைக் கொட்டிடுங்க. தப்பு எங்களோடது. இதை முதல்லயே சொல்லியிருக்கணும்.”