ஆயிரம் வாய்ப் பூதம் பிடித்த அரசர் கப்பல்

வெகு காலத்துக்கு முன்னால், உப்புக்காற்று ஓயாத சங்குத்துறை நாட்டை அலைமாறன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். நல்ல மனுஷன்தான். ஆனால் காதில் கடைசியாக யார் பேசுகிறார்களோ அவர்கள் சொன்னதுதான் அவனுக்கு வேதவாக்கு. முடிசூட்டிய அன்று கடைசியாகப் பேசியவர் அரண்மனைச் சோதிடர் பொற்கையர். "மகாராஜா, தங்கள் கப்பல் இனி மண்ணைத் தொடக் கூடாது. கப்பல் மண்ணில் சாய்ந்தால் கொடி சாய்ந்த மாதிரி" என்றார். உடனே தண்டோரா போட்டாயிற்று. அதுவரை வருஷா வருஷம் கரையேறிய கப்பல் அன்றிலிருந்து தண்ணீரிலேயே கிடந்தது.

சில மழைக்காலம் போனது. கப்பல் நகர மறுத்தது. பாய் புடைத்து நிற்கும், காற்றும் தள்ளும், ஆனால் அடியில் யாரோ இறுக்கிப் பிடித்திருப்பது போலக் கப்பல் முக்கும். துடுப்புப் போடும் ஆளை இரட்டிப்பாக்கினார்கள். ஆள் கூடினால் கஞ்சி கூட வேண்டாமா? கஞ்சிக்கு விறகு? கரையோரத்துப் பூவரசந்தோப்பு முழுக்கக் கப்பலின் அடுப்புக்குள் போயிற்று. அந்தப் புகையில் பட்டப்பகலிலேயே ஊர் இருட்டிக் கிடந்தது. குழந்தைகள் இருமி இருமித் தூங்கின. காக்கைகூட அந்தப் பக்கம் வரவில்லை.

அதைவிடப் பயங்கரம் அந்தச் சத்தம். பொழுது சாய்ந்து கடல் அடங்கினதும் கப்பலின் அடியிலிருந்து 'நற... நற...' என்று கேட்கும். எலும்பு மெல்லுகிற சத்தம், ஐயா! பலகையில் காதை வைத்துக் கேட்ட ஒருத்தன் துடுப்பைப் போட்டுவிட்டு ஓடினவன்தான், திரும்பி வரவேயில்லை.

"பூதம்!" என்றார் பொற்கையர் சபையில். "ஆயிரம் வாய்ப் பூதம். அது தலை கேட்கிறது."

"யார் தலையை?" என்றான் ராஜா.

"சுக்கான் பிடிக்கிற திரையன் தலையை. அவன் கைராசிதான் அதைக் கூட்டி வந்தது. அமாவாசையன்று கொடுத்துவிட வேண்டும்."

திரையன், மந்திரி அழிசியார் தேடிப்பிடித்து அமர்த்திய ஆள். மந்திரிக்கு ராஜாவின் பக்கத்து ஆசனம் கிடைத்ததிலிருந்து சோதிடருக்கு வயிற்றெரிச்சல். மிச்சத்தை நான் சொல்லவும் வேண்டுமா?

அன்று சாயங்காலம் மந்திரி சின்னப் படகில் கப்பலுக்குப் போனார். திரையனைப் பாய்மரத்தில் கட்டி வைத்திருந்தார்கள்.

"ஐயா, வீட்டுக்காரி நிறைமாசம். பிள்ளை முகத்தைப் பார்க்காம போயிடுவேனோன்னு..." என்றான் திரையன்.

மந்திரி படகில் குனிந்து, கப்பலின் விலாவில் தண்ணீருக்கடியில் கையை விட்டார். வழவழவென்று ஏதோ விரல்களைச் சுற்றியது. வெடுக்கென்று கையை இழுத்தார். உள்ளங்கையெல்லாம் ரத்தம். அவருக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது. கரையைத் திரும்பிப் பார்த்தார். மணலில் கட்டுமரங்கள் காய்ந்துகொண்டிருந்தன.

"ஏன் திரையா, கட்டுமரத்தை மட்டும் இந்தப் பூதம் பிடிக்கிறதில்லையா?"

"இல்லீங்களே. அது தினம் கரையேறிடுது."

மந்திரிக்குப் புரிந்துபோயிற்று. ஆனால் கப்பலைக் கரையேற்றச் சொன்னால் ராஜகட்டளையை மீறின குற்றம். திரையனோடு அவர் தலையும் உருளும்.

அமாவாசை விடிந்தது. துறையில் மஞ்சளும் குங்குமமும் தயார், வாளும் தயார்.

"மகாராஜா, ஒரே ஒரு சந்தேகம்" என்றார் மந்திரி. "தலையைப் பூதத்திடம் யார் கொடுப்பது?"

"கடலில் வீசினால் போச்சு" என்றார் பொற்கையர்.

"சுறா தின்றுவிட்டால்? பூதம் இன்னொரு தலை கேட்குமே. அது யார் தலையோ!"

ராஜா தன் கழுத்தைத் தடவிக்கொண்டான்.

"பூதத்தின் பேச்சு தெரிந்தவர்தான் மூழ்கிப் போய்க் கையில் கொடுக்க வேண்டும். சபையில் அப்படிப்பட்டவர் ஒருவர்தான் இருக்கிறார்."

எல்லாக் கண்ணும் பொற்கையர் பக்கம் திரும்பின.

"எனக்கு நீச்சல் தெரியாதே, மகாராஜா!"

"கவலையை விடுங்கள். கல்லைக் கட்டி இறக்குகிறோம்" என்றார் மந்திரி, வெகு அன்பாக.

"ஐயோ, வேண்டாம்! பூதத்தைக் கரைக்கு வரவழையுங்கள். கப்பலோடு இழுத்து வாருங்கள்!"

"கப்பல் மண்ணைத் தொடக் கூடாது என்றவர் நீங்கள்தானே?"

"தோஷமில்லை! இன்றைக்குத் தோஷமே இல்லை!"

ராஜா தலையசைத்தான். அமாவாசைக்குக் கடல் பொங்கி வெள்ளம் ஏறி நின்ற நேரம் கப்பலைக் கழிமுகத்துக்குள் இழுத்து வந்தார்கள். தண்ணீர் மெல்ல வடிந்தது. கப்பல் ஒரு பெருமூச்சோடு சேற்றில் சாய்ந்தது. புகைமூட்டத்துக்குள் அதன் அடிவயிறு தெரிய ஆரம்பித்தது. பச்சைத் தாடி நீளநீளமாகத் தொங்கியது. அதற்குள்ளே வெள்ளை வெள்ளையாய் ஆயிரமாயிரம் வாய்கள், நற நறவென்று மூடிக்கொண்டன.

"மந்திரி, அது என்னைப் பார்க்குது!" ராஜா அலறினான். பொற்கையர் அதற்குள் மயங்கி விழுந்திருந்தார்.

மந்திரி மண்வெட்டியை வாங்கி ஒரு சுரண்டு சுரண்டினார். கொத்தாய் ஏதோ ராஜாவின் காலடியில் விழுந்தது. "கொட்டலசு, மகாராஜா. ஓட்டுக்குள் வாழும் சின்னக் கடற்பூச்சி, அது ஓட்டை மூடுகிற சத்தம்தான் அந்த 'நற நற'. நடுவில் சிப்பியும் உண்டு, தாடி வெறும் பாசி. தண்ணீரிலேயே கிடக்கிற கப்பலில் ஒட்டிக்கொண்டு, அதை ஓடவிடாமல் பிடித்து இழுக்கும். இத்தனை நாள் இதையும் சுமந்துதான் துடுப்புப் போட்டார்கள். தோப்பு எரிந்ததும் ஊர் இருமினதும் இதனால்தான். வெட்ட வேண்டியது இதன் தாடியை. திரையன் கழுத்தை அல்ல."

ராஜா வெட்கத்தில் தலைகுனிந்து, தன் கையாலேயே திரையனின் கட்டை அவிழ்த்தான். திரையன்தான் முதல் மண்வெட்டியைப் பிடித்தான். வழித்து முடித்து, புன்னையெண்ணெயில் சுண்ணாம்பைக் குழைத்து, பூதத்தின் பல் பதியாதபடி வழவழவென்று பூசினார்கள்.

அடுத்த வெள்ளத்தில் பாதி ஆட்களோடு கப்பல் கிளம்பியது. "யாருமே பிடிக்கலை!" என்று ராஜா குழந்தை மாதிரி கத்தினான். அடுப்பில் ஒரு பானைதான். ஊர்க்காரர்களுக்கு ரொம்ப நாள் கழித்து வானம் தெரிந்தது. மந்திரிக்கு முத்துமாலை கிடைத்தது. பொற்கையருக்கோ, "பூதத்தின் பேச்சு தெரிந்தவர் நீர். சத்தம் கேட்கிறதா என்று கப்பலில் காது வைத்துச் சொல்லும் வேலை இனி உமக்கு" என்று உத்தரவு.

சில மாதம் கழித்து ஒரு மாலை. பலகையில் காதை வைத்த பொற்கையருக்கு மயிர்க்கூச்செறிந்தது. வெகு மெல்லிசாக, ஒரே ஒரு 'நற'.

சபைக்கு ஓடினார். "மகாராஜா, பூதம் திரும்பி வந்துட்டுது!"

"யார் தலையை..." என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்த ராஜாவின் கண்ணில், இடுப்பில் பெண்குழந்தையோடு நின்ற திரையன் பட்டான். ராஜா நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"யார் கையில் மண்வெட்டி இருக்கிறது என்று கேட்டேன்."

பொற்கையர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.