உருளித் தண்ணீர் நடுங்கிய அந்தி

"செத்தவளின் குரலைக் கண்ணுக்குக் காட்டுவாயா, வேம்பி?"

முன்னொரு காலத்தில், பெயர் மறந்துபோன ஒரு நாட்டில், ராஜா தம் விகடக்காரியிடம் இப்படிக் கேட்டார். சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

ராணி இறந்ததிலிருந்து, விளக்கேற்றும் வேளையில் அவள் அறையில் ஒரு விபரீதம் நடந்துவந்தது. பூ மிதக்கவிடும் வெண்கல உருளியில், காற்றில்லாமல், கை படாமல் தண்ணீர் நடுங்கும். விளிம்பில் எழும் வளையங்கள் நடுவில் போய்ச் சேரும்.

"ராணியம்மா கூப்பிடுகிறார், பிரபு," என்றார், சபையில் வேம்பியின் கேலிக்கு அடிக்கடி ஆளான மந்திரி விருப்பண்ணர். "வேம்பியின் பேச்சில்லாமல் அவருக்கு உறக்கமே வராதே! இவளையும் அறைக்குள் விட்டு வாசலை அடைத்தால் தண்ணீர் அடங்கிவிடும்."

குரலைக் காட்டினால் வேம்பி வெளியே, இல்லையென்றால் உள்ளே. ராஜா கொடுத்த தவணை மறுநாள் அந்தி வரைக்கும்தான்.

மறுநாள் அந்தியில் கொத்தன் வாசலில் சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருந்தான். ராணியின் அறைக்குள் வேம்பி, ராஜாவின் முன்னால், ஒரு சட்டியின் வாயில் ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டி, மேலே கோலமாவைத் தூவினாள்.

"குனிந்து ராணியம்மா பெயரைச் சொல்லுங்கள், மகாராஜா."

ராஜா சொன்னார். மாவு துள்ளி ஓடி வளையமாய் நின்றது. அவர் பின்வாங்கினார்.

"அவளா?"

"நீங்கள்தான் மகாராஜா. உங்கள் குரல் காற்றை உலுக்குகிறது, காற்று தோலை உலுக்குகிறது. தோல் அதிராத இடத்தில் மாவு ஒதுங்கிக்கொள்கிறது."

விளக்கேற்றினார்கள். உருளி நடுங்கியது. காதுக்கு எதுவும் எட்டவில்லை. ஆனால் தரையில் வைத்த சட்டியிலும் மாவு நகர்ந்தது. வேம்பி சட்டியைத் தள்ளிக்கொண்டே போனாள். ஜன்னலருகே மாவு சோம்பியது. கட்டிலுக்கடியில் குதித்தது.

"ராணியம்மா தரைக்கடியிலா குடியிருக்கிறார், மந்திரியாரே?"

கல்லைப் பெயர்த்தார்கள். கீழே நிலவறை இருட்டில் ஒரு போர்முரசு. துக்க வீட்டில் முரசைத் தொடக் கூடாது என்பது அந்நாட்டு வழக்கம். அதனால் எவர் நினைப்பிலும் முரசு வரவில்லை. துணி சுற்றிய கோலால் அதை அடித்துக்கொண்டிருந்த மந்திரியின் மைத்துனன், நிமிராமலே கேட்டான்:

"போதுமா அத்தான்? கை கழண்டுடும்போல இருக்கு!"

ராஜா வெடித்துச் சிரித்தார். ராணி போனபிறகு அதுதான் முதல் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கும் தண்ணீர் நடுங்கியது. அதைப் பார்த்ததும் அவர் குரல் அடங்கிவிட்டது.

"உருளி இனி உன்னுடையது, வேம்பி," என்றார் மெல்ல.

கொத்தன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தான். "மகாராஜா, சுண்ணாம்பு இறுகுது. யாரை வச்சு அடைக்கணும்?"

ராஜா மந்திரியைப் பார்த்தார்.

விருப்பண்ணர் சுண்ணாம்பைத் தாண்டி, அரண்மனையை விட்டே வெளியே நடந்தார். அவர் வைத்த ஒவ்வொரு அடிக்கும் உருளியில் ஒரு வளையம் எழுந்தது, அவர் கண்ணுக்கு மறைந்த பிறகும்.