புட்டியில் இருந்தது நீலம்

பீரோவின் கைப்பிடி திரும்பும் சத்தம்.

முப்பது வருடத்துக்கு முன்னால், அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்த மத்தியானம், உள்ளறையிலிருந்து வந்தது. இரும்பு இரும்பை உரசும் சின்ன முனகல். அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த வேதநாயகி எழுந்து போய்ப் பார்க்கவில்லை. உள்ளே இருந்தது தங்கை அமிர்தவல்லி மட்டும்தான்.

காரியங்கள் முடிந்து பார்த்தபோது அம்மாவின் இரட்டைவடச் சங்கிலி இல்லை.

வேதநாயகி யாரையும் எதுவும் கேட்கவில்லை. அதற்கு அவசியம் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. சத்தம்தான் இருந்ததே.

இப்போது அறுபத்து மூன்று வயதில், மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்து கேட்டாள்:

“இதுங்க யாரு பக்கம், ரஹீமா?”

ரஹீமா லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு காலத்தில் ரஹீமா பள்ளியில் வேதநாயகியிடம் தாவரவியல் படித்தவள். வெங்காயத் தோலை உரித்து ஸ்லைடில் விரிக்கக் கற்றது இவளிடம்தான். இன்று அவள் டாக்டர். கட்டிகளின் சீவலை ஸ்லைடில் வைத்துப் பார்த்துச் சொல்பவள். முதலில் பார்த்தவர் சொன்னதை நம்பாதவர்கள், துணிப்பையில் ஸ்லைடுகளையும் கட்டியின் துணுக்கைப் பதித்த மெழுகுக் கட்டையையும் போட்டுக்கொண்டு அவளைத் தேடி வருவார்கள்.

வேதநாயகியும் பையோடுதான் வந்தாள். மார்பில் கட்டி. அது புற்று என்பதில் சந்தேகம் இல்லை. அடுத்த வாரம் ஆபரேஷன்.

சந்தேகம் வேறு.

கட்டியைச் சுற்றி மாஸ்ட் செல்கள் கூடி நிற்கின்றன என்று ரஹீமா போன தடவை சொல்லியிருந்தாள். உடம்பின் காவல்காரர்கள் என்றும் சொல்லியிருந்தாள். வேதநாயகி வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்துவிட்டாள்.

“காவல்காரன்னு சொன்னே. புதுசா ரத்தக்குழாயை வரவழைச்சு, கட்டிக்கே சோறு போடுதுன்னு போட்டிருக்கு.”

“போடும்.”

“அப்போ துரோகி.”

“சில பேர் கட்டியில இதுங்க நெறைய நின்னுது. அவங்க நல்லாவும் இருந்தாங்க, டீச்சர்.”

“என் கட்டியில?”

“தெரியாது.”

“இதைச் சொல்லத்தான் டாக்டருக்குப் படிச்சியாட்டி?”

“தெரியாட்டா தெரியாதுன்னு எழுதுன்னு நீங்கதான் சொன்னீங்க. எழுதினேன். மார்க்கு போடலை.”

வேதநாயகிக்குச் சிரிப்பு வரவில்லை. கதவுக் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தாள். பெஞ்சில் அமிர்தவல்லி உட்கார்ந்திருந்தாள், மடியில் பிளாஸ்க்கோடு.

“யாரு டீச்சர் அது?”

“தங்கச்சி. முப்பது வருஷமா எட்டிப் பாக்காதவ. எனக்குக் கட்டின்னு கேள்விப்பட்டதும் பெட்டியோட வந்து நிக்கா. நான் கூப்பிடலை.”

“எதுக்கு வந்தாங்களாம்?”

“பாத்துக்கிடவாம். எனக்குப் புள்ளை இல்லை. வீடு இருக்கு. நீயே கூட்டிப் பாரு.”

“உங்களை நல்லாப் பாத்துக்கிடுதாங்களா?”

“பால் காய்ச்சித் தாரா. முதல்ல பூனைக்கு ஊத்திப் பாத்துட்டுத்தான் குடிக்கேன்.”

“பூனை எப்படி இருக்கு?”

வேதநாயகி கொஞ்சம் யோசித்தாள்.

“கொழுத்துப்போச்சு.”

ரஹீமா ஸ்லைடுகளை அடுக்கினாள்.

“சாயந்தர ரயிலுக்கு அவளை ஏத்தி விட்டுருவேன்” என்றாள் வேதநாயகி. “சீலைத் தலைப்புல டிக்கெட்டை முடிஞ்சு வெச்சிருக்கேன்.”

“ஆபரேஷன் முடிஞ்சு வந்தா கூட யாரு?”

“யாருமில்லை. அது ஒண்ணும் புதுசில்ல.”

ரஹீமா எழுந்தாள். மெழுகு நீக்கி வைத்திருந்த ஒரு ஸ்லைடை எடுத்தாள். வேதநாயகியின் மார்பிலிருந்து சீவியதுதான். அதன்மேல் ஒரு புட்டியிலிருந்து சாயம் சொட்டினாள். சிறிது பொறுத்துக் கழுவினாள். லென்ஸின் கீழே வைத்தாள்.

“பாருங்க.”

எங்கும் நீலம். அந்த நீலத்துக்கு நடுவே, கட்டியின் ஓரங்களில், பொடிப்பொடியாய் மணல் நிரப்பிய பைகள்போலச் சில செல்கள்.

அவை மட்டும் ஊதா.

“இதுங்கதான்” என்றாள் வேதநாயகி. குரல் தாழ்ந்திருந்தது. “நிறமே காட்டிக்குடுக்குது.”

“நான் ஊத்தினது என்ன நிறம் டீச்சர்?”

“நீலம்.”

“அப்போ ஊதா எங்கேருந்து வந்துது?”

“அதுங்களுக்குள்ள இருந்திருக்கும்.”

ரஹீமா இன்னொரு ஸ்லைடை வைத்தாள். சாயம் படாதது.

வேதநாயகி வெகுநேரம் குனிந்து பார்த்தாள். திருகைத் திருப்பினாள். மறுபடியும் திருப்பினாள். வெளிச்சம்தான் இருந்தது.

“ஒருத்தரையும் காணோமே.”

“எல்லாரும் இருக்காங்க.”

“ஊதா?”

“இல்லை.”

“அப்போ சாயத்துல இருந்திருக்கணும்.”

ரஹீமா புட்டியை அவள் கையில் கொடுத்தாள். வேதநாயகி அதை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். சாய்த்தாள், குலுக்கினாள்.

நீலம்.

“ரெண்டும் தொட்டுக்கிட்டாத்தான் ஊதா” என்றாள் ரஹீமா.

வேதநாயகி புட்டியை மேசைமேல் வைத்தாள். விரல் நுனியில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. சேலையில் துடைக்கப் போனவள், துடைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது வெளியே பிளாஸ்க்கின் மூடியைத் திருகும் சத்தம் கேட்டது. சின்ன முனகல்.

வேதநாயகி எழுந்து கதவைத் திறந்துகொண்டு போனாள்.

“அன்னைக்கு எதுக்குட்டி பீரோவைத் திறந்தே?”

அமிர்தவல்லி எந்த நாள் என்று கேட்கவில்லை.

“அம்மா வாய் திறந்து கிடந்துதே அக்கா. தாடையைக் கட்டத் துணி தேடினேன்.”

அம்மாவின் தாடையில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. முப்பது வருடமாக அது வேதநாயகியின் கண்ணுக்குள்ளேயே இருந்தது. அந்தத் துணி எங்கிருந்து வந்தது என்று அவள் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

அமிர்தவல்லி டம்ளரில் பாலை ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

“சங்கிலியையும் எடுத்தேன்.”

நர்ஸ் ஒருத்தி யார் பெயரையோ கூப்பிட்டாள். யாரோ எழுந்து போனார்கள்.

“சொல்லவே இல்லையேட்டி.”

“நீ கேக்கலையே.”

டம்ளரை நீட்டினாள். வேதநாயகியின் கண் தன்னையறியாமல் தரையைத் தேடியது. ஆஸ்பத்திரியில் பூனை ஏது?

வாங்கிக் குடித்தாள். பாலில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

சாயந்தர ரயில் போய்விட்டது.

வேதநாயகி அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இருந்தாள். கடைசிவரை குளிப்பாட்டி, ஊட்டி, பக்கத்திலேயே படுத்துக்கொண்டது அமிர்தவல்லிதான். வீடு இப்போது அவள் பெயரில் இருக்கிறது.