கீழே விழாத பால்

ஆற்றங்கரை மருதமரத்தில் ஒரு குரங்குக் கூட்டம் வாழ்ந்தது. அதில் பூவாயி என்ற மந்திக்கு முதல் குட்டி பிறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. குட்டிக்குச் சொட்டு என்று பெயர். பெயர் வைத்த நேரமோ என்னவோ, குடித்த பாலையெல்லாம் அவன் வெளியே தள்ளிக்கொண்டே இருந்தான்.

வயிறு முட்டக் குடிப்பான். அம்மாவைப் பார்த்துச் சிரிப்பான். சிரித்த வாயை மூடுவதற்குள் 'களுக்' என்று கக்கிவிடுவான். பூவாயியின் தோளில் பாதி, மரத்தடியில் பாதி. அவள் தோள் எந்நேரமும் புளித்த வாடை அடித்தது. சொட்டுக்கு இதில் ஒரு கவலையும் இல்லை. கவலையெல்லாம் அம்மாவுக்குத்தான்.

இந்தக் காட்டில் வைத்தியம் தெரியாத பிராணியே கிடையாது. அதுவும் அடுத்தவர் பிள்ளைக்கு என்றால் எல்லோருக்கும் தெரியும். மயில், "கண்ணு பட்டிருக்கும்" என்றது. மரங்கொத்தி, "நீ தின்ன பழம்தான் சரியில்ல" என்றது. பூவாயி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். முதல் பிள்ளைக்காரி வேறு என்ன செய்வாள்?

ஒருநாள் கூட்டத்தின் தலைவர் எல்லோரையும் கூப்பிட்டார்.

"இந்தக் கரையில பழம் தீர்ந்துபோச்சு. பத்து நாள்ல ஆத்துல வெள்ளம் வந்துடும். அதுக்குள்ள நாம அக்கரை அத்திமரத்துக்குத் தாவியாகணும். தாவுறப்ப குட்டிங்க தாய் வயித்தை இறுக்கிப் பிடிச்சுக்கணும். எங்க, ஒவ்வொண்ணா கிளையில தொங்குங்க. நான் பத்து எண்ணுற வரைக்கும் கையை விடக் கூடாது."

மற்ற குட்டிகள் தொங்கின. சொட்டும் தொங்கினான். தலைவர் நான்கு எண்ணுவதற்குள் கை நழுவிவிட்டது. பூவாயி பாய்ந்து பிடித்துக்கொண்டாள்.

"பத்தாம் நாள் மறுபடி பாப்போம்மா" என்றார் தலைவர். "அப்பவும் முடியலைன்னா நீயும் அவனும் இங்கேயே இருந்துக்க வேண்டியதுதான். எனக்கு மனசு கேக்கல. ஆனா ஆத்துல விழுந்த குட்டியை யாரும் மீட்டுக் குடுக்க முடியாது."

பழம் இல்லாத மரத்தில், கூட்டம் இல்லாமல், கைக்குட்டியோடு ஒரு மந்தி எத்தனை நாள் உயிரோடு இருப்பாள்? பூவாயி சொட்டை அணைத்துக்கொண்டு அழுதாள்.

மரத்தடியில் ஒரு காட்டுப்பூனை படுத்திருந்தது. அது மேலே பார்த்து, "ஏன் தங்கச்சி அழற? அண்ணன் நான் இருக்கேன்ல?" என்றது.

"பால் வயித்துல தங்க மாட்டேங்குது அண்ணே. அதனாலதான் கையில பலம் இல்லைன்னு நினைக்கிறேன்."

"இதுக்கா அழுவாங்க? கக்கினா வயிறு காலின்னு அர்த்தம். உடனே மறுபடி பால் குடு. வேண்டாம்னு தலையைத் திருப்பினாலும் விடாதே. குடுத்த கையோட நாலு கிளை தாவு. குலுங்கினாத்தான் பால் உள்ளே இறங்கும். அப்புறம் இந்தத் தாழ்ந்த கிளையில குப்புறப் படுக்கப் போடு."

"இந்தக் கிளையில எதுக்கு அண்ணே?"

"இங்கதான் நல்லாக் காத்து வருது" என்று சொல்லிவிட்டு, பூனை அந்தக் கிளைக்கு நேர் கீழே வந்து உட்கார்ந்துகொண்டது.

பூனை சொன்னபடியே பூவாயி செய்தாள். சொட்டு கக்கினான். மறுபடி கொடுத்தாள். மறுபடி கக்கினான். சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை இப்போது பாலைக் கண்டாலே சிணுங்கினான். "குணமாகறதுக்கு முன்னாடி கொஞ்சம் அதிகமாத்தான் இருக்கும்" என்றது பூனை.

அடுத்த கிளையில் இருந்த மதினிதான் ஒருநாள் கேட்டாள். "ஏன் பூவாயி, உன் அண்ணன் இப்பெல்லாம் எலி பிடிக்கவே போறதில்லையே. உடம்பு மட்டும் பளபளன்னு இருக்கு."

"நம்ம பிள்ளைக்காக மெனக்கெட்டு இங்கேயே இருக்காரு மதினி" என்றாள் பூவாயி, நெகிழ்ந்துபோய்.

ஐந்தாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. பூவாயி குட்டியோடு உச்சிக்கிளைப் பொந்துக்குள் புகுந்தாள். குறுகலான பொந்து. தாவ முடியாது. குட்டியைப் படுக்கப் போடவும் இடமில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, அவனையும் நிமிர்த்தியே அணைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

சொட்டு பால் குடித்துக்கொண்டிருந்தபோது இடி இடித்தது. பயந்து வாயை எடுத்துவிட்டான். பூவாயி அவனைத் தோளில் சாய்த்து முதுகைத் தட்டிக்கொடுத்தாள். அந்தப் பிஞ்சு உடம்பிலிருந்து 'ஏவ்' என்று பெரியதாக ஓர் ஏப்பம் வந்தது. பின்னாலேயே பாலும் வரும் என்று தோளைத் தயாராக வைத்திருந்தாள். ஒரு துளி வந்தது. அவ்வளவுதான். சொட்டு தூங்கிப்போனான்.

'கொஞ்சம்தானே குடிச்சான்' என்று அவளுக்குப் பதைப்பாக இருந்தது. எழுப்பிக் கொடுக்கலாமா என்று யோசித்தாள். தூங்குகிற முகத்தைப் பார்த்து விட்டுவிட்டாள். விழித்ததும் கொஞ்சம் கொடுத்தாள், நடுவில் நிறுத்தித் தட்டிக்கொடுத்தாள், மறுபடி கொஞ்சம் கொடுத்தாள். வேண்டாம் என்று தலையைத் திருப்பினால் விட்டுவிட்டாள். இரண்டு நாள் மழையும் இப்படியே போயிற்று. சொட்டு பழையபடி சிரிக்க ஆரம்பித்தான். பூவாயியின் வயிற்றில் பாலை வார்த்தது போல இருந்தது.

ஏழாம் நாள் வெயில் வந்தது. பூவாயி பொந்தில் செய்ததையே வெளியிலும் செய்தாள். பூனை விடிந்ததிலிருந்து தாழ்ந்த கிளைக்குக் கீழே காத்திருந்தது. உச்சிப்பொழுது ஆனதும் அதற்குப் பொறுக்கவில்லை.

"தங்கச்சி! காலையிலேர்ந்து கீழே ஒண்ணுமே விழலையே. மறந்துட்டியா?"

பூவாயி குனிந்து பார்த்தாள். பூனையின் வயிறு ஒட்டியிருந்தது. அதன் கண் அவள் மேலும் இல்லை, குட்டி மேலும் இல்லை. தரையில் இருந்தது. இத்தனை நாளும் அங்கேதான் இருந்தது என்பது அவளுக்கு இப்போது நினைவுக்கு வந்தது.

"குட்டி எப்படி இருக்கான்னு நீங்க ஒருநாளும் கேட்டதே இல்லையே அண்ணே" என்றாள் மெதுவாக.

"அதைத்தான்... அதைத்தான் இப்பக் கேட்டேன்" என்று பூனை மீசையை நக்கிக்கொண்டது.

"அவன் நல்லா இருக்கான். உங்களுக்குத்தான் பசி வந்துடுச்சு. புதர்ல எலி இருக்கும், போய்ப் பாருங்க."

மேலே மதினி சிரித்த சிரிப்பில் கிளை ஆடியது. பூனை வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு புதரைப் பார்க்க நடந்தது.

பத்தாம் நாள் ஆறு கலங்கி ஓடியது. கூட்டம் முழுவதும் கூடி நிற்க, சொட்டு கிளையைப் பிடித்துத் தொங்கினான். தலைவர் எண்ண ஆரம்பித்தார். நான்கு தாண்டியது. ஐந்து, ஆறு.

ஏழு என்றபோது சொட்டு 'களுக்' என்று கக்கினான்.

"அடடா" என்றது கூட்டம். பூவாயி கண்ணை மூடிக்கொண்டாள். தலைவர் மட்டும் எண்ணுவதை நிறுத்தவில்லை. எட்டு. ஒன்பது. பத்து.

அவள் கண்ணைத் திறந்தபோது, பால் வழியும் வாயோடு சொட்டு தொங்கியபடியே அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"கக்கினா என்ன? கையை விடலையே" என்றார் தலைவர். "வாம்மா, போகலாம்."

பூவாயி தாவினாள். கீழே ஆறு இரைந்தது. வயிற்றில் இரண்டு சின்னக் கைகள் அவள் முடியை வலிக்க வலிக்கப் பிடித்திருந்தன. அந்த வலி அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அக்கரை அத்திமரத்தில் உட்கார்ந்ததும் சொட்டு அவள் தோளில் இன்னொரு வாய் கக்கினான். பூவாயி ஓர் இலையைப் பறித்துத் துடைத்தாள். முதுகைத் தட்டிக்கொடுத்தாள். பிறகு தனக்கு ஒரு பழம் பறித்து நிதானமாகத் தின்றாள். பத்து நாளில் அவள் ருசித்துத் தின்ற முதல் பழம் அது.

நம் கஷ்டத்தால் யாருடைய வயிறு நிறைகிறதோ, அவரிடம் அந்தக் கஷ்டத்துக்கு மருந்து கேட்கக் கூடாது.